எலிக்குத் தெரிந்த திசையும் பஞ்சாங்கத்துச் சூலமும்

பஞ்சாங்கம் பார்க்கிற வழக்கமுள்ளவர்களுக்குச் சூலம் என்பதாக ஒரு சங்கதி இருப்பது நன்றாகத் தெரியும். திங்களும் சனியும் கிழக்கே சூலம் என்றும், செவ்வாயும் புதனும் வடக்கே சூலம் என்றும், வியாழன் தெற்கே என்றும், வெள்ளியும் ஞாயிறும் மேற்கே என்றும் அதில் எழுதப்பட்டிருக்கின்றது. எந்தத் திசையில் சூலமோ அந்தத் திசையை நோக்கி அன்று பிரயாணம் போகக் கூடாதாம். போய்த்தான் தீரவேண்டுமானால் அதற்குப் பரிகாரமும் எழுதி வைத்திருக்கின்றார்கள். கிழக்கே போகிறவனுக்குத் தயிர். வடக்கே போகிறவனுக்குப் பால். மேற்கே போகிறவனுக்கு வெல்லம். தெற்கே போகிறவனுக்குத் தைலம். ஒரு கரண்டித் தயிருக்கு வழிவிட்டு விலகுகிற சூலம் எப்பேர்ப்பட்ட சூலமாயிருக்கும் என்று மாத்திரம் யாரும் கேட்பதில்லை.

உழவர்கரையில் குடியிருக்கிற நமக்கு இந்தக் கணக்கு எப்படிப் பலிக்கின்றது என்று பார்ப்போம். புதுச்சேரிப் பட்டணம் நமக்குக் கிழக்கே இருக்கின்றது. திங்கட்கிழமை காலையில் ரெட்டியார்பாளையம், மூலக்குளம் பக்கங்களிலிருந்து சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் பஸ்ஸிலும் பட்டணத்துக்கு வேலைக்குப் போகிற அத்தனை பேரும் நேரே சூலத்தின் முனையை நோக்கித்தான் போகின்றார்கள். வெள்ளிக்கிழமையோ இன்னும் வேடிக்கை. காலையில் கிழக்கே போவதற்குத் தடையில்லை. சாயங்காலம் மேற்கே வீடு திரும்புவதற்குத்தான் தடை! சாஸ்திரப்படி நடப்பதானால் வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனவன் இரவெல்லாம் கடற்கரையில் படுத்திருந்து சனிக்கிழமைதான் பெண்டு பிள்ளைகள் முகத்தில் விழிக்க வேண்டும். அப்படி யாரும் செய்யக் காணோம். செய்யாததால் யாருக்கும் ஒன்றும் நேரவும் காணோம். ஆனால் பெண் பார்க்கக் கிளம்பும்போதும், கடை திறக்கும்போதும், நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போதும் அந்தச் சூலம் எங்கிருந்தோ வந்து வாசலில் நின்றுவிடுகின்றது.

சூலமாவது கிழமைக்குக் கிழமை இடம் மாறும். வாஸ்து என்பதோ ஒரே இடத்தில் நிரந்தரமாக உட்கார்ந்துகொண்டு பணம் பறிக்கின்றது. நமது பக்கத்து வயல்களும் தோப்புகளும் மனைகளாகப் பிரிக்கப்பட்டு வருகிற இக்காலத்தில், கிழக்குப் பார்த்த மனைக்கு ஒரு விலை, தெற்குப் பார்த்த மனைக்கு வேறொரு விலை. மண் ஒன்றுதான், தண்ணீர் ஒன்றுதான், ரோடும் ஒன்றுதான். தெற்கு எமனுடைய திசையாம்! கடன் வாங்கிக் கட்டிய வீட்டின் வாசலைக் கல் வைத்து அடைத்துவிட்டு, மறுபக்கத்துச் சுவரை இடித்துக் கதவு வைப்பதற்கு இரண்டாம் கடன் வாங்கியவர்களை நாம் அறிவோம்.

இவ்வளவுக்கும் அடியில் இருக்கிற நம்பிக்கை ஒன்றேதான். திசைக்குத் தனியே ஒரு குணம் உண்டு, அது மனிதனுக்கு நன்மையோ தீமையோ செய்யும் என்பதே அது. ஆதலால் திசை என்பது என்ன, ஒரு ஜீவன் அதை எப்படித் தெரிந்துகொள்கின்றது என்பதைப் பற்றி ஆராய்ச்சிக்காரர்கள் கண்டிருப்பதை நமது வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல நினைக்கின்றோம். இது ஏதோ சீமையில் நடக்கிற வேடிக்கை என்று தள்ளிவிட வேண்டாம். நமது வீட்டுக் கிழவர் கிழவிகளின் கதி இதில் சம்பந்தப்பட்டிருக்கின்றது. அதைக் கடைசியில் சொல்லுவோம்.

முதலில் மிருகங்களைப் பார்க்கலாம். பாரவண்டி ஓடிய நாளில் வண்டிக்காரன் நுகத்தடிப் பக்கம் சாய்ந்து தூங்கிப் போனாலும் மாடு தானாக வீட்டு வாசலில் வந்து நிற்கும் என்பது கிராமத்தாருக்கெல்லாம் தெரிந்த சங்கதி. தொந்தரவு தாங்காமல் சாக்கில் கட்டி இரண்டு மைலுக்கு அப்பால் விட்டுவந்த பூனை மூன்றாம் நாள் அடுப்பங்கரையில் படுத்திருப்பதையும் பார்த்திருக்கின்றோம். நமக்கு மேற்கே இருக்கிற ஊசுட்டேரிக்கு மாரிக்காலந்தோறும் வடக்கே வெகுதூரத்திலிருந்து ஊசிவால் வாத்துகள் முதலிய பறவைகள் வருகின்றன. அவை பாஸ்போர்ட்டும் வாங்குவதில்லை, படமும் பார்ப்பதில்லை. இவற்றுக்கெல்லாம் வழி சொன்னது யார் என்று கேட்டால், "அது பகவான் கொடுத்த புத்தி" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்துவிடும். இந்தப் பதிலில் உள்ள பெரிய சௌகரியம் என்னவென்றால், இதைச் சொன்ன பிறகு யாரும் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை என்பதுதான்.

ஆனால் பகவான் கொடுத்த புத்தி என்றால் அது தவறக்கூடாதல்லவா? பங்குனி ஆமைக் குஞ்சுகளின் சங்கதியைக் கேளுங்கள். நமது கிழக்குக் கடற்கரை மணலில் தாய் ஆமை இரவில் வந்து முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும். குஞ்சுகள் இரவில் வெளியே வந்து, வெளிச்சம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் ஓடும். மனிதன் விளக்கு வைக்காத காலத்தில் அந்த வெளிச்சம் கடலின் மேல் வானத்தில் இருந்தது. ஆகையால் குஞ்சுகள் கடலுக்குப் போயின. இன்றைக்குக் கரையோரத்தில் தெருவிளக்கும் ஓட்டல் விளக்கும் எரிவதால் அதே குஞ்சுகள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்து நசுங்கிச் சாகின்றன. சென்னையில் 1988 முதல் மாணவர்கள் சிலர் சங்கமாகச் சேர்ந்து இரவெல்லாம் கரையோரம் நடந்து, முட்டைகளை எடுத்துக் காவலில் வைத்து, குஞ்சு பொரித்ததும் கடலில் விடுகின்றார்கள். பகவானுடைய புத்தி ஒரு மின்சார விளக்குக்குத் தோற்றுப்போவானேன் என்பதையும், பிறகு அதைச் சரிசெய்வதற்குக் காலேஜ் பிள்ளைகள் கண் விழிப்பானேன் என்பதையும் பக்தர்கள்தான் சொல்ல வேண்டும். அது ஒரு யந்திரம் போன்ற ஏற்பாடு, வெளிச்சம் என்னும் குறியைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கின்றது, குறி மாறினால் அதுவும் மாறும் என்று வைத்துக்கொண்டால் எல்லாம் தெளிவாகிவிடுகின்றது.

இந்தக் குறியை மாற்றிப் பார்க்கிற பரீட்சைதான் ஆராய்ச்சியின் உயிர். துனீசியாவில் வைத்தியராயிருந்த சாண்ட்ஸ்கி என்பவர் 1911-லேயே ஒரு சின்னக் காரியம் செய்தார். வீடு திரும்பிக் கொண்டிருந்த எறும்புக்குச் சூரியனை மறைத்து, மறுபக்கத்திலிருந்து ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைக் காட்டினார். எறும்பு உடனே திரும்பி எதிர்ப்பக்கம் நடந்தது. ஆக, திசைக்கு அது சூரியனைப் பார்க்கின்றது. தூரத்துக்கு என்ன செய்கின்றது? அதே நாட்டுப் பாலைவன எறும்புகளைக் கொண்டு 2006-ல் வேறு மூவர் பார்த்தார்கள். இரை தேடி வந்த எறும்பின் கால்களில் பன்றிமயிரை ஒட்டிப் பொய்க்கால் கட்டிவிட்டார்கள். அது புற்றைத் தாண்டி வெகுதூரம் போய் நின்று தேடியது. வேறு எறும்புகளின் காலைக் குறைத்துவிட்டார்கள். அவை புற்றுக்கு இப்புறமே நின்று தேடின. அதாவது எறும்பு தன் காலடியைக் கணக்கு வைக்கின்றது. அடி நீண்டால் கணக்கு தப்புகின்றது. நமது பழைய நூலோர் எறும்பை மூன்றறிவு உயிரில் வைத்தார்கள். அவர்கள் காலத்தில் கண்ணால் பார்த்துச் செய்த வகுப்பு என்ற மட்டில் அதைப் பாராட்டலாம். ஆனால் அந்த மூன்றறிவுக்குள் ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருப்பது இப்போதுதான் தெரிந்திருக்கின்றது.

இனி அந்தக் கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு வருவோம். அது மூளை. மூளை என்பது கோடிக்கணக்கான நுண்ணிய நரம்பணுக்களின் கூட்டம். ஒவ்வோர் அணுவும் வேலை செய்யும்போது சிறிதளவு மின்சாரத்தைத் துடிப்பாக வெளியிடுகின்றது. தலைமயிரிலும் மெல்லிய கம்பியை ஒரு எலியின் மூளைக்குள் வைத்து, எலியை இஷ்டம்போல் ஓடவிட்டு, எந்த அணு எப்போது துடிக்கின்றது என்று பார்க்கலாம். லண்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜான் ஓகீஃப் என்பவர் 1971-ல் தம் சகாவோடு இப்படிப் பார்த்தார். மூளையின் உட்புறத்தில் கடற்குதிரை வடிவமாக ஹிப்போகாம்பஸ் என்றொரு பாகம் இருக்கின்றது. அதிலுள்ள ஒரு அணு, எலி கூடத்தின் ஒரு மூலைக்கு வந்தால் மாத்திரம் துடித்தது. வேறொரு அணு வேறொரு இடத்துக்கு வந்தால் துடித்தது. எந்த அணு துடிக்கின்றது என்பதைப் பார்த்தே எலி எங்கே நிற்கின்றது என்று சொல்லிவிடலாம். இவற்றை இட அணுக்கள் என்று சொல்லுவோம். வெகு நாள்வரை நம்பாதவர்கள் பலர் இருந்தார்கள். நம்பாததற்காக அவர்களை யாரும் நாஸ்திகர் என்று ஊர்விலக்கு செய்யவில்லை. அவர்களும் தங்கள் எலியைக் கொண்டு தாங்களே பார்த்துக்கொண்டார்கள்.

1984-ல் அமெரிக்காவில் ப்ரூக்ளினில் ஜேம்ஸ் ராங்க் என்பவர் இன்னொரு வகை அணுவைக் கண்டார். இது எலி எங்கே நிற்கின்றது என்பதைக் கவனிப்பதில்லை. எலியின் தலை எந்தப் பக்கம் பார்க்கின்றது என்பதை மாத்திரம் கவனிக்கின்றது. தலை ஒரு குறிப்பிட்ட பக்கம் திரும்பினால் துடிக்கும், விலகினால் அடங்கும். கூடத்தின் எந்த மூலையில் நின்றாலும் இப்படியே. இவை திசை அணுக்கள்.

பிறகு 2005-ல் நார்வே தேசத்து ட்ரோண்ட்ஹைம் நகரில் மோசர் தம்பதிகளும் அவர்களுடைய மாணவர்களும் மூன்றாவதாக ஒன்றைக் கண்டார்கள். ஹிப்போகாம்பஸுக்குப் பக்கத்தில் எண்டோரைனல் என்னும் பாகத்தில் உள்ள ஒரே அணு, ஓரிடத்தில் மாத்திரமன்றிப் பல இடங்களில் துடித்தது. அந்த இடங்களையெல்லாம் தரையில் புள்ளியாக வைத்துப் பார்த்தால், நமது வீட்டுப் பெண்கள் மார்கழியில் வைக்கிற ஊடுபுள்ளிக் கோலம் போல, ஒரு வரிசையின் இரண்டு புள்ளிக்கு நடுவில் அடுத்த வரிசையின் புள்ளி விழ, தேனடை மாதிரி ஒழுங்காக இருந்தது. எலி ஓடுகிற தரையின் மேல் அதன் மூளை தானாகப் புள்ளி வைத்துக்கொள்கின்றது! இடத்தை அளக்கிற முழக்கோல் இதுதான். ஓகீஃபுக்குப் பாதியும் மோசர் இருவருக்குமாகப் பாதியும் 2014-ல் வைத்தியத்துக்கான நோபல் பரிசு கொடுக்கப்பட்டது.

இவற்றில் நமது விவாதத்துக்கு வேண்டியது திசை அணு. ஆகையால் அதை இன்னும் கொஞ்சம் நுணுகிப் பார்ப்போம். எலியை ஒரு வட்டமான தொட்டியில் விட்டு, உட்சுவரில் ஒரே ஒரு வெள்ளை அட்டையை ஒட்டி வைக்கின்றார்கள். ஒரு திசை அணு, அட்டையை நோக்கி எலி பார்க்கும்போது துடிக்கின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எலிக்குத் தெரியாமல் அட்டையைக் கால் வட்டம் நகர்த்தி ஒட்டிவிடுகின்றார்கள். இப்போது அந்த அணு எந்தப் பக்கத்துக்குத் துடிக்கும்? பழைய பக்கத்துக்கு அல்ல. அட்டை எங்கே போயிற்றோ அந்தப் பக்கத்துக்கு! அந்த ஒன்று மாத்திரமல்ல, மற்றத் திசை அணுக்களும் அதே அளவு சேர்ந்து திரும்பிவிடுகின்றன. விளக்கை அணைத்துவிட்டால்கூடக் கொஞ்ச நேரம் அவை சரியாகவே வேலை செய்கின்றன. ஏனென்றால் காதின் உட்புறத்தில் உள்ள அரைவட்டக் குழாய்களில் இருக்கிற நீர், தலை திரும்புவதை மூளைக்குத் தெரிவித்துக்கொண்டிருக்கின்றது. அந்த உட்காதைக் கெடுத்துவிட்டால் திசையும் கெட்டுப்போகின்றது. எலிக்குஞ்சு கண் திறப்பதற்கு முன்பே இந்த அணுக்கள் அதன் மூளையில் வேலை தொடங்கிவிடுகின்றன என்பதையும் 2015-ல் கண்டிருக்கின்றார்கள்.

வாஸ்துக்காரர்கள் இந்தப் பரீட்சையை நன்றாகக் கவனிக்க வேண்டும். எலியின் மூளையில் வடக்கு என்று ஒன்று எழுதப்பட்டிருக்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிற அட்டையே அதற்கு வடக்கு. அட்டையை நகர்த்தினால் வடக்கும் நகரும். அது மாத்திரமல்லாமல், இந்தத் திசை அணுக்களில் இத்தனை அணு கிழக்குக்கு, இத்தனை அணு மேற்குக்கு என்று ஏற்றத்தாழ்வு ஏதாவது இருக்கின்றதா என்றால், கிடையாது. வட்டத்தின் எல்லாப் பக்கத்துக்கும் சரிசமமாகப் பங்கிடப்பட்டிருக்கின்றன. தெற்கே பார்த்தால் பயந்து ஒடுங்குகிற அணுவும் இல்லை. கிழக்கே பார்த்தால் லக்ஷ்மியை எதிர்பார்க்கிற அணுவும் இல்லை. திசை என்பது ஒரு ஜீவன் தன் காரியத்துக்காக வைத்துக்கொள்கிற கணக்கு. கணக்கில் நல்ல எண், கெட்ட எண் ஏது?

எலிக்கு மாத்திரந்தான் இப்படியோ என்றால், ஈக்கும் இப்படியே. பழத்தில் மொய்க்கிற சின்ன ஈயின் மூளையில் மொத்தம் ஏறக்குறைய 1,40,000 நரம்பணுக்கள்தான். மனிதனுக்கு ஏறக்குறைய 8,600 கோடி. அந்தக் கடுகளவு மூளையின் நடுவில் வளையம் போல ஒரு பாகம் இருக்கின்றது. ஈ திரும்பத் திரும்ப, அந்த வளையத்தில் ஓரிடத்தில் தோன்றும் துடிப்பும் கடிகார முள்ளைப் போலச் சுற்றிவருவதை 2015-ல் அமெரிக்காவில் சீலிக், விவேக் ஜெயராமன் என்ற இருவர் கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள். நமது சென்னையிலும் இந்த வேலை நடக்கின்றது. சென்னை ஐ.ஐ.டி.யில் சீனிவாச சக்கரவர்த்தி என்பவருடைய ஆராய்ச்சிக் கூடத்தார், வௌவால் மேலும் கீழும் பறக்கும்போது இந்த அணுக்கள் எப்படி உண்டாகக்கூடும் என்பதைக் கணினியில் அமைத்து, அமெரிக்காவிலுள்ள ஒருவரோடு சேர்ந்து 2018-ல் வெளியிட்டார்கள். ஆலமரத்தில் தலைகீழாகத் தொங்குகிற பழந்தின்னி வௌவாலைப் பார்த்துப் பேய் என்று நாம் கல்லெறிந்து கொண்டிருக்கையில், அதன் தலைக்குள் இருக்கிற கணக்கை ஒருவர் போட்டுப் பார்க்கின்றார்!

இந்த இடத்தில் படித்த வாஸ்துக்காரர் ஒருவர் எழுந்து, "பூமி ஒரு காந்தமல்லவா? இரத்தத்தில் இரும்பு இருக்கிறதல்லவா? ஆகவே வடக்கே தலை வைத்துப் படுத்தால் இரத்தம் மூளைக்கு ஏறிவிடும், இதைத்தான் நம் முன்னோர் அன்றே சொன்னார்கள்" என்று கேட்பார். இப்போது இந்தப் பேச்சுக்குத்தான் மவுசு அதிகம். பழைய புரட்டுக்குச் சாஸ்திரம் போதாமல் போனால் விஞ்ஞானத்தின் சட்டையை இரவல் வாங்கிக்கொள்கிறது. பூமி காந்தம் என்பது உண்மைதான். அதைச் சில பறவைகள் உணர்கின்றன என்பதும் உண்மைதான். ராபின் என்னும் ஐரோப்பியக் குருவியைக் கூண்டில் வைத்து, சுற்றிலும் மின்சாரக் கம்பிச் சுருள் அமைத்துக் காந்தத்தின் வடக்கைத் திருப்பினால், குருவி கிளம்பப் பார்க்கிற பக்கமும் திரும்பிவிடுகின்றது. இதை ஜெர்மனியில் 1960-களிலேயே செய்து காட்டினார்கள். ஆனால் அந்தக் குருவி காந்தத்தை வழி பார்க்க வைத்துக்கொண்டிருக்கின்றதே ஒழிய, எந்தப் பக்கம் தலை வைத்துத் தூங்கினால் குட்டி போட்ட மாதிரி செல்வம் பெருகும் என்று பார்க்கவில்லை.

இரத்தத்து இரும்பும் ஆணி இரும்பல்ல. அது வேறு பொருள்களோடு கூடி நிற்பதால் காந்தத்தின் பின்னால் ஓடாது. இதற்குப் பரீட்சை வேண்டுமானால் வெகுதூரம் போக வேண்டாம். நமது பகுதியில் பூமிக் காந்தத்தின் பலம் ஏறக்குறைய 40 மைக்ரோடெஸ்லா. ஆஸ்பத்திரிகளில் நோயாளியை உள்ளே தள்ளிப் படம் எடுக்கிற எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தமோ சாதாரணமாக 1.5 டெஸ்லா. அதாவது ஏறக்குறைய 37,000 மடங்கு. அதற்குள் அரை மணி, முக்கால் மணி நேரம் படுத்திருந்து மனிதர்கள் எழுந்து வந்து காப்பி குடிக்கின்றார்கள். 37,000 மடங்கு காந்தத்துக்கு ஏறாத இரத்தம், வடக்கே தலை வைத்த பாயில் ஏறுமா?

மனிதனிடத்திலும் இந்த அணுக்கள் உண்டா என்று சிலர் கேட்கலாம். வலிப்பு நோய்க்குச் சிகிச்சைக்காக மூளையில் கம்பி வைக்கப்பட்டிருந்த நோயாளிகள் சம்மதித்து, கணினியில் ஊரைச் சுற்றி டாக்ஸி ஓட்டுகிற விளையாட்டை ஆடினார்கள். அவர்கள் மூளையிலும் இட அணுக்கள் துடித்தன என்று 2003-ல் வெளியாயிற்று. அதைவிட நமக்கு முக்கியமானது லண்டன் டாக்ஸிக்காரர்களின் சங்கதி. அந்த ஊரில் டாக்ஸி ஓட்ட லைசென்ஸ் வேண்டுமானால் ஏறக்குறைய 25,000 தெருக்களை மனப்பாடம் செய்து பரீட்சை கொடுக்க வேண்டும். எலினார் மாக்வயர் என்னும் அம்மையார், அவர்களுடைய ஹிப்போகாம்பஸின் பின்பாகம் மற்றவர்களைவிடப் பெரிதாயிருப்பதை 2000-ல் கண்டார். பிறவியிலேயே பெரிதாயிருந்ததால்தான் அந்தத் தொழிலுக்கு வந்தார்களோ என்ற சந்தேகம் வருமல்லவா? நமது நாட்டில் அதைச் சந்தேகமாகக்கூட வைத்திருக்க மாட்டார்கள். முடிவாகவே வைத்து, டாக்ஸிக்கார ஜாதி என்று ஒன்றை ஏற்படுத்தியிருப்பார்கள். அந்த அம்மையாரோ படிக்க ஆரம்பித்த 79 பேரை முதலிலேயே படம் எடுத்து வைத்துக்கொண்டு, சில வருஷம் பொறுத்து மறுபடியும் எடுத்துப் பார்த்தார். படித்துத் தேறிய 39 பேருக்கு அந்தப் பாகம் வளர்ந்திருந்தது. தேறாதவர்களுக்கும், படிக்காத மற்றவர்களுக்கும் வளரவில்லை. இது 2011-ல் வெளியாயிற்று. மூளை பிறப்பினால் அல்ல, பழக்கத்தினால் வளர்கின்றது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

இதே கேள்வியைப் பெண்கள் விஷயத்திலும் கேட்க வேண்டும். பெண்களுக்கு வழி தெரியாது, திசை தெரியாது என்பதாக ஆண்கள் சிரிப்பது வழக்கம். கைப்பேசியில் ஒரு படகு விளையாட்டை அமைத்து, பல தேசங்களில் லட்சக்கணக்கானவர்களை விளையாடச் செய்து, வழி கண்டுபிடிக்கிற திறமையை அளந்தார்கள். 2018-ல் வெளியான முடிவு என்னவென்றால், ஆண் பெண் வித்தியாசம் எல்லாத் தேசத்திலும் ஒரே அளவாக இல்லை; பெண்கள் சமத்துவமாக நடத்தப்படுகிற தேசங்களில் அது குறைவு, அடக்கி வைக்கப்பட்ட தேசங்களில் அது அதிகம் என்பதாகும். வாசற்படியைத் தாண்டாதே என்று இருபது வருஷம் பூட்டி வைத்துவிட்டு, இருபத்தோராம் வருஷம் "உனக்குப் பஸ் ஸ்டாண்டுக்கு வழி தெரியவில்லையே" என்று கேட்பது எவ்வளவு யோக்கியமான பேச்சு!

அதே விளையாட்டிலிருந்து கிடைத்த மற்றொரு முடிவு நம் உழவர்கரையாருக்கு வேடிக்கையாயிருக்கும். புதுச்சேரிப் பட்டணத்தின் தெருக்கள் கட்டம் கட்டமாக நேராக இருப்பதைப் பற்றிப் பட்டணத்தாருக்கு வெகு பெருமை. டச்சுக்காரர் கையில் ஊர் இருந்த காலத்தில் வகுத்த திட்டம் அது. நமது பக்கத்துப் பழைய சந்துகளோ வரப்பு போன போக்கில் போனவை. ஆனால் 38 தேசங்களில் ஏறக்குறைய நான்கு லட்சம் பேரை வைத்துப் பார்த்து 2022-ல் வெளியிட்டதில், கட்டம் போட்ட நேர்த்தெரு நகரங்களில் வளர்ந்தவர்களைவிட, நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்கள் சராசரியில் வழி கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்களாயிருந்தார்கள். கோணல் சந்து மூளைக்கு வேலை கொடுக்கின்றது. இப்போது எல்லாரும் கைப்பேசியின் பேச்சைக் கேட்டுத் திரும்புகிறபடியால் அந்தப் பெருமையும் நமக்கு எத்தனை நாளைக்கோ.

நிற்க. முதலில் சொன்ன கிழவர்களின் சங்கதிக்கு வருவோம்.

நமது கிராமங்களில் திகைப்பூண்டு என்று ஒன்று சொல்லுவார்கள். அந்தப் பூண்டை மிதித்தவன் வழி தெரியாமல் விடியவிடிய ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டிருப்பானாம். அறுபது எழுபது வருஷம் அதே தெருவில் குடியிருந்த ஒரு பெரியவர் ஒரு நாள் டீக்கடைக்குப் போய்விட்டுத் தம் வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றால், முன்னே திகைப்பூண்டு என்றார்கள். இப்போது காத்து கருப்பு என்கின்றார்கள். இல்லாவிட்டால் வீட்டில் வாசல் சரியில்லை என்கின்றார்கள். மந்திரித்த கயிறும், எலுமிச்சம்பழமும், பரிகார பூஜையுமாக ஒரு வருஷம் போகின்றது. சில வீடுகளில் இன்னும் கொடுமை. வேண்டுமென்றே செய்கின்றார் என்று அவரைத் திட்டுவதும், அறையில் பூட்டி வைப்பதும் நடக்கின்றன.

உண்மை என்ன? ஜெர்மன் வைத்தியர் அல்சைமர் 1906-ல் எடுத்துச் சொன்னதும், அவர் பெயராலேயே வழங்குவதுமான மறதி நோய், சாதாரணமாக மூளையில் எங்கே முதலில் கை வைக்கின்றது என்பதை 1991-ல் ப்ராக் தம்பதிகள் விவரித்தார்கள். அது எண்டோரைனல் பாகத்தை ஒட்டித் தொடங்குகின்றது. அதாவது ஊடுபுள்ளி வைக்கிற அணுக்கள் குடியிருக்கிற அதே இடம். புள்ளி அழிந்தால் கோலம் எங்கே நிற்கும்? ஆகையால்தான் பலருக்குப் பேச்சும் பழைய ஞாபகமும் நன்றாயிருக்கும்போதே வழி தவறிப்போகின்றது. 2023-ல் வெளியான ஒரு பெரிய கணக்கின்படி இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் ஏதாவது ஒரு வகையில் இருக்கின்றது. அத்தனை பேரும் பூண்டை மிதித்தவர்களா? அத்தனை பேர் வீட்டு வாசலும் தெற்கே பார்த்திருக்கின்றதா?

அல்சைமர் நோயை முற்றிலும் தீர்க்கிற மருந்து இல்லை. உண்டு என்று சொல்லிப் பணம் பிடுங்குகிற டாக்டரும் மந்திரவாதிக்கு அண்ணன்தான். ஆனால் வழி தவறி நிற்கிறவர்கள் எல்லாருக்கும் அந்த நோய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தைராய்டு சுரப்புக் குறைவு, பி12 என்னும் வைட்டமின் குறைவு, எப்போதோ விழுந்ததில் மண்டைக்குள் கட்டியிருக்கிற இரத்தம், சிலருக்கு மருந்துகளின் வேகம், இவற்றாலும் அப்படி ஆகின்றது. இவற்றைக் காலத்தில் கண்டுபிடித்தால் வைத்தியம் உண்டு. இரத்தப் பரீட்சையிலும் மூளைப் படத்திலும் தெரியக்கூடியதை எலுமிச்சம்பழத்தில் தேடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மாதமும் அந்தப் பெரியவருக்கு நஷ்டம். தீராத நோயாகவே இருந்தாலும், இது நோய் என்று தெரிந்துவிட்டால் வீட்டார் திட்டுவதை நிறுத்துவார்கள். சட்டைப் பையில் வீட்டு விலாசமும் டெலிபோன் எண்ணும் எழுதி வைப்பார்கள். தெருமுனைக் கடைக்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் சொல்லி வைப்பார்கள். வீட்டுச் சாமான்களையும் படுக்கையையும் அடிக்கடி இடம் மாற்றாமல் இருப்பார்கள். அட்டையை நகர்த்தினால் எலிக்கே திசை திரும்பிவிடுகின்றதே! வாஸ்துவுக்காக வாசலை மாற்றி வைக்கிற வீட்டில், ஏற்கெனவே தடுமாறுகிற கிழவருக்கு மிஞ்சியிருந்த ஒரே குறியையும் நாமே அழித்துவிடுகின்றோம்.

நாம் இருக்கிற இடமோ இந்த விஷயத்தில் கொடுத்து வைத்த இடம். பிரஞ்சுக்காரர் 1823-ல் புதுச்சேரியில் ஆரம்பித்த வைத்தியப் பள்ளிக்கூடத்தின் வழியில் வந்து, 1964 முதல் ஜிப்மர் என்ற பெயரோடு நடக்கிற பெரிய ஆஸ்பத்திரி நமது கோரிமேட்டிலேயே இருக்கின்றது. வெளி ஜில்லாக்களிலிருந்து இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து ஜனங்கள் அங்கே வருகின்றார்கள். நரம்பு, மூளை நோய்களைப் பார்ப்பதற்கென்றே தனிப் பிரிவு அங்கே உண்டு. ரெட்டியார்பாளையத்திலிருந்து அது வடக்கே இருக்கின்றது. செவ்வாயும் புதனும் சூலம். அந்த இரண்டு நாளும் ஆஸ்பத்திரி திறந்துதான் இருக்கின்றது. போகும்போது பழைய மருந்துச் சீட்டுகளையும், பெரியவர் எப்போது முதல் வழி தவறினார் என்ற விவரத்தையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போனால் டாக்டருக்கு உபயோகமாயிருக்கும். பால் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று பாட்டி பிடிவாதம் செய்தால், இரத்தம் எடுப்பதற்குமுன் சாப்பிடலாமா என்று ஆஸ்பத்திரியில் விசாரித்துக்கொண்டு கொடுக்கவும்.